இரண்டு கிலோ லென்ஸ்... பத்து கிராம் குருவி!

மாதம் 7,600 ரூபாய். இருபத்து நாலு தவணை.

நான் பி.காம். ஆகவே, கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டுவதற்கு முன்பே மனசுக்குள் பெருக்கிவிட்டேன். மொத்தம் 1,82,400. ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான். வட்டி மட்டும் 22,400! பெருக்கத் தெரிந்தவன் அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால், ஷோகேஸுக்குள் கறுப்பாக, உருண்டு திரண்டு, ஆட்டுக்கல் குழவி மாதிரி உட்கார்ந்திருந்ததே அந்த லென்ஸ்... 150-லிருந்து 600 எம்.எம். வரை நீளுமாம். கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு கிலோ. படித்த படிப்பெல்லாம் மறந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்கு இப்படித்தான் நான் ‘பறவைப் புகைப்படக் கலைஞர்’ ஆனேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

“இதுல ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கலாம்.”

“ஃபிரிட்ஜை வெச்சு கூழைக்கடா படம் எடுக்க முடியுமா?”

“கேமராவை வெச்சு தயிர் புளிக்காம பாத்துக்க முடியுமா?”

பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு லென்ஸைத் துடைப்பதுதான் நல்ல பதில் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

* * *

வாரத்தில் இரண்டு நாள், தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கப் போவேன். எழுத்து சோறு போடும், குழம்புக்குக் கணக்குதான்! பாண்டி பஜார் பக்கம் ஒரு டீக்கடை. பதினொரு மணிக்கு அங்கே எங்கள் சபை கூடும். தவணையில் கேமரா வாங்கிய விஷயம் தெரிந்த அன்று சபையில் பட்டிமன்றமே நடந்தது. ‘நல்ல படத்துக்குக் காரணம் கருவியா, கையா?’

“மச்சி, சச்சின் கையில எந்த பேட்டைக் கொடுத்தாலும் அடிப்பாரு. எல்லாம் கை!” என்றான் ஒருவன்.

“அப்போ தென்னை மட்டையைக் கொடுத்து ஆடச் சொல்லேன் பாப்போம்” என்றான் இன்னொருவன்.

“தலைவரே, உங்க கேமராவே பறவையோட கண்ணைத் தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்ணுமாமே? அப்புறம் நீங்க எதுக்கு?” என்றான் மூன்றாமவன். இவன்தான் டீக்குக் காசு கொடுக்காதவன். ஆனால், கேள்வி நல்ல கேள்வி.

ஆமாம் சார், புதிய கேமராக்கள் அப்படித்தான். சட்டத்துக்குள் பறவை வந்தால் போதும், அதன் கண்ணைத் தானாகவே பிடித்துக்கொண்டு விடாமல் துரத்தும். ஒரு விநாடிக்கு இருபது, முப்பது படம் எடுக்கிற கேமராக்கள் இருக்கின்றன. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். இன்றைய கேமராவில் அது ஒன்றரை விநாடிச் சமாசாரம்! 600 எம்.எம். என்று ஒரே நீளமாக, பெரிய வாயோடு வருகிற லென்ஸ்கள் பத்து லட்சத்தைத் தாண்டுகின்றன. என்னுடையது அந்த வம்சத்தில் ஏழைச் சித்தப்பா மகன்.

இவ்வளவும் கையில் இருக்கும்போது படம் எப்படி வராமல் போகும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

* * *

முதல் ஞாயிற்றுக்கிழமை, அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் போனேன். 1977-ல் உடைந்து பாதியில் நிற்கிற அந்தப் பாலம் தெரியுமே, தமிழ் சினிமாக் கதாநாயகர்கள் சோகமாக உட்காருகிற பாலம், அதற்குப் பக்கத்தில். ஆற்றில் கொக்குகள், நீர்க்காகங்கள், ஒரு கூழைக்கடா... விரலை எடுக்காமல் அழுத்தினேன். 740 படம்!

வீட்டில் வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், 740-லும் ஏதோ ஒன்று பறந்துகொண்டிருந்தது. அது பறவைதான் என்று கோர்ட்டில் சத்தியம் செய்ய முடியாது. ‘தெளிவா இருக்கறது அந்தப் பாலம் மட்டும்தான்’ என்றாள் மனைவி.

பிறகு உட்கார்ந்து படித்தேன். நீங்கள் தவணை கட்டாமலே தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். லென்ஸ் எவ்வளவு நீளமோ, ஷட்டர் வேகம் குறைந்தது அவ்வளவு வேண்டும். 600 எம்.எம். என்றால் விநாடியில் அறுநூறில் ஒரு பங்கு. இது, நம் கை நடுங்குவதற்கான கணக்கு. பறவை பறந்தால் அதன் சிறகும் சேர்ந்துகொள்ளும். ஆயிரத்தில் ஒன்று, இரண்டாயிரத்தில் ஒன்று என்று போக வேண்டும். நான் வைத்திருந்தது இருநூறில் ஒன்று!

அடுத்த வாரம் வேகத்தைச் சரிசெய்தேன். இப்போது எல்லாப் பறவையும் கரிக்கட்டை. ஏன்? பின்னால் வெள்ளை வானம். ‘அப்பா, என்ன வெளிச்சம்!’ என்று கேமரா பயந்து, மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அந்த நேரத்தில் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லி நாம்தான் கட்டளையிட வேண்டும்.

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கரணை. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலமாயிற்றே, அங்கே தூரத்தில் பூநாரைகள் ரோஸ் கலரில் நிற்கின்றன என்று கேள்விப்பட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தது காலை பதினோரு மணி. வேகம் சரி, வெளிச்சம் சரி. ஆனால், படத்தில் பூநாரை தண்ணீருக்குள் தெரிகிற நிழல் மாதிரி நெளிகிறது! லென்ஸில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, “சார், தோசைக் கல்லுக்கு மேல பாத்திருக்கீங்களா? காத்து அலை அலையா ஆடும். அதுதான் இது. வெயில் ஏறிட்டா பத்து லட்ச ரூபா லென்ஸுக்கும் இதே கதிதான்” என்றார்.

ஆக, எனக்கும் பூநாரைக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் தோசைக் கல்!

கடைசிப் பாடம் எடுத்தவர், அடையாற்றங்கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு மீனவர். மூன்று வாரமாக என்னைக் கவனித்திருக்கிறார் போல.

“இன்னா சார், டெய்லி வர்றியா? நீ நிக்கற எடமே தப்பு. பறவை காத்துக்கு மூஞ்சி காட்டித்தான் எறங்கும். காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டு நில்லு.”

விமானம் இறங்குவதும் ஏறுவதும் எதிர்க்காற்றில்தான். மீனம்பாக்கத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், குருவிக்கும் அதே சட்டம் என்று தோன்றவில்லையே! கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து காற்று அடிக்கும். காலை வெயிலும் கிழக்கிலிருந்துதான். இரண்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால், இறங்குகிற பறவை நம் முகத்தைப் பார்த்து, முகமெல்லாம் வெளிச்சத்தோடு இறங்கும். வெளிநாட்டுப் பறவைகள் நம் ஊருக்கு வருகிற காலமும் அதுதான். அன்று எடுத்த கூழைக்கடாதான் என் முதல் உருப்படியான படம். அதற்கு எனக்கு உதவியது லென்ஸ் அல்ல. ஒரு கேமராவைக்கூடத் தொட்டிராத ஒரு மனிதர்.

* * *

இந்தச் சமயத்தில்தான் மா. கிருஷ்ணனைப் பற்றிப் படித்தேன். படித்ததும் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால், அவர் நம்ம மயிலாப்பூர்க்காரர்!

இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு அந்தக் காலத்தில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று பெயர். அங்கே ‘பெருங்குளம் ஹவுஸ்’ என்று ஒரு வீடு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் வீடு. அவருடைய கடைசிப் பிள்ளை கிருஷ்ணன். 1912-ல் பிறந்தவர். பிரசிடென்சி காலேஜில் தாவரவியல் படித்தார், சட்டமும் படித்தார். பிழைத்ததோ எழுத்தை நம்பி. ‘தி ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-ல் ‘கன்ட்ரி நோட்புக்’ என்று ஒரு பத்தி ஆரம்பித்து, 1996 பிப்ரவரியில் காலமாகும் வரை எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! தமிழிலும் எழுதியிருக்கிறார். தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தேடித் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார்.

அந்தக் கிருஷ்ணனின் கேமரா இருக்கிறதே, அதுதான் விசேஷம். எந்தக் கடையிலும் அது கிடைக்காது. ஒரு கேமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ், மற்ற உறுப்புகளெல்லாம் கிடைத்த இடத்தில் கிடைத்தவை. அவரே சேர்த்துக் கட்டிய உருப்படி. அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று நாமகரணம் வேறு! தானாக ஃபோகஸ் கிடையாது, கலர் கிடையாது, விநாடிக்கு முப்பது படம் என்றால் சிரித்திருப்பார். கறுப்பு வெள்ளையில், முதுமலைக் காட்டில் யானைக்கு எதிரே அந்த வினோத யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நின்று படம் எடுத்தவர் அவர். அந்தப் படங்களும் எழுத்தும் அவருக்கு நேரு ஃபெல்லோஷிப்பையும் பத்மஸ்ரீயையும் தேடித் தந்தன.

இதை டீக்கடை சபையில் சொன்னேன். ‘கை’ கட்சிக்காரன் துள்ளிக் குதித்தான். “பாத்தியா, சொன்னேன்ல? கருவி ஒரு விஷயமே இல்ல!”

அவசரப்படாதீர்கள். எதிர்க்கட்சிக்கும் ஓர் ஆள் இருக்கிறார். லோக் வான் தோ. சிங்கப்பூரில் சினிமாத் தியேட்டர்களுக்கெல்லாம் அதிபர், ‘கேத்தே’ நிறுவனம் அவருடையது. பணம் மலை மாதிரி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரைப் பிடித்தபோது தப்பி இந்தியாவுக்கு வந்தவர், பம்பாயில் சாலிம் அலியைச் சந்தித்தார். அவரோடு சேர்ந்து பறவைகளைத் தேடிப் போனார். எந்தக் கேமரா வேண்டுமானாலும் வாங்கக்கூடிய மனிதர், பறவையைத் தெரிந்துகொள்ள ஒரு வாத்தியாரைத் தேடிக்கொண்டார். உலகத் தரத்தில் படங்கள் எடுத்தார். 1964-ல் தைவானில் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார்.

ஒருவர் ஒட்டுப்போட்ட கேமராக்காரர், ஒருவர் கோடீஸ்வரர். இருவருக்கும் பொதுவாக இருந்தது கேமரா இல்லை. பறவையை முதலில் தெரிந்துகொண்டார்கள், பிறகு படம் எடுத்தார்கள். நான் முதலில் தவணை போட்டேன்!

இங்கிலாந்தில் கியர்ட்டன் என்று அண்ணன் தம்பி இருவர். நூற்றி இருபது வருஷத்துக்கு முன்னால், பறவைக்குப் பக்கத்தில் போவதற்காக, உள்ளே பொள்ளலாக ஒரு மாட்டைத் தோலால் செய்து, அதற்குள் புகுந்து நின்று படம் எடுத்தார்கள். நம் ஊர்ப் பால்காரர், பசுவை ஏமாற்ற வைக்கோல் கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவாரே, கிட்டத்தட்ட அந்த டெக்னிக்! அவர்களுக்கு 600 எம்.எம். கிடையாது. பக்கத்தில் போனால்தான் படம். என்னிடம் 600 எம்.எம். இருந்தது. பக்கத்தில் போக வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

எங்கள் ஃபிளாட் இரண்டாவது மாடி. பின்பக்கம் ஒரு பால்கனி. அகலம் நாலடி. அதில் அம்மா வளர்க்கும் மல்லிகைக் கொடி, கயிறு பிடித்துக் கம்பியெல்லாம் படர்ந்திருக்கும். போன மாசி மாதம், கொடிக்கு நடுவில் குப்பை மாதிரி ஏதோ தொங்கியது. துடைப்பத்தால் தட்டப் போனேன்.

“தொடாதே! அது வீடுடா” என்றாள் அம்மா.

தேன்சிட்டு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு என்று புத்தகத்தில் பெயர். எடை பத்து கிராம்கூட இருக்காது. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் சேர்த்துத் தைத்து, ஒரு சின்னப் பைபோலத் தொங்கவிடும். பக்கவாட்டில் ஒரு வாசல். வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு சன்ஷேட் வேறு! பார்க்கிறவனுக்குக் குப்பை என்று தோன்ற வேண்டும். அதுதான் அதன் பாதுகாப்பு.

அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முட்டி வலி. பகலெல்லாம் அந்தப் பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். தேன்சிட்டின் டைம்டேபிள் முழுக்க மனப்பாடம்.

“கட்டறது பூரா அவதான். இவன் கேபிள் ஒயர்ல உக்காந்து மேஸ்திரி வேலை பாக்கறான், உங்கப்பா மாதிரி! குஞ்சு பொறிஞ்சதுக்கு அப்புறம்தான் அவனுக்கும் பொறுப்பு வந்திருக்கு. வரும்போது நேரா வராதுங்க. முதல்ல அந்தக் கம்பி, அப்புறம் கொடி, அப்புறம்தான் உள்ளே. யாராவது நின்னா வாயில புழுவோடவே திரும்பிப் போயிடும்.”

நான் கேட்டுக்கொண்டேனா? என் கவலை வேறு. என் லென்ஸ் ஒன்பதடிக்குள் இருப்பதை ஃபோகஸ் செய்யாது. பால்கனியோ நாலடி. ஆகவே ஹாலுக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும். நின்று பார்த்தால், கூட்டு வாசலுக்கு நேராக மல்லிகைக் கொடி. ஐந்தாறு இலை, இரண்டு கிளை. குஞ்சின் திறந்த வாயும், தாயின் மூக்கும் சந்திக்கிற அந்த ஒரு நொடியை இலை மறைக்கிறது!

அம்மா, தாம்பரத்தில் சித்தி வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

நாலு வெட்டு. அவ்வளவுதான்.

காலை எட்டரை மணிக்கு வெயில் நேராகக் கூட்டு வாசலில் விழுந்தது. தாய் வந்தது. கம்பியில் உட்கார்ந்தது, தயங்கியது, திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. முக்கால் மணி நேரம் இதே கதை. கடைசியில் பசி தாளாமல் குஞ்சுகள் கத்த, தாய் துணிந்து உள்ளே பாய்ந்தது. விரலை அழுத்தினேன். ஆயிரத்து அறுநூறில் ஒரு விநாடி. சிறகின் ஒவ்வோர் இழையும் எண்ணலாம்! தாயின் கண்ணில் ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது.

மறுநாள் தி.நகர் சபையில் செல்போனை நீட்டினேன். பட்டிமன்றமே கலைந்துபோயிற்று. “தலைவரே, இது காலண்டர்ல வரவேண்டிய படம்!” டீக்குக் காசு கொடுக்காதவன் அன்று எல்லோருக்கும் வடையும் சேர்த்து வாங்கினான் என்றால் பாருங்களேன். ஆபீஸ் குரூப்பில் முப்பத்தெட்டு கட்டைவிரல்.

அப்போதுதான் மனைவியிடமிருந்து போன்.

தினமும் பதினொரு மணிக்கு, சாதம் வடித்ததும் முதல் பிடியை பால்கனிச் சுவரில் காக்காய்க்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா இல்லாததால் அன்று மனைவி வைத்தாள். காக்காய் வந்தது. மாசம் பூராவும் அதே நேரத்துக்கு, அதே சுவரில், கூட்டுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து சாதம் தின்றுவிட்டுப் போன காக்காய்தான். ஒரு நாளும் அதற்கு அந்தக் கூடு கண்ணில் பட்டதில்லை. நடுவில் இலை இருந்தது.

அன்று இலை இல்லை.

“நான் ஓடி வந்து விரட்டறதுக்குள்ள...” என்றாள் மனைவி. மேற்கொண்டு அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

* * *

அம்மா மறுநாள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பால்கனியைத்தான் எட்டிப் பார்த்தாள். கிழிந்து தொங்குகிற கூடு. வெட்டிய கொடி. கேபிள் ஒயரில் தாய்த் தேன்சிட்டு, வாயில் எதையோ வைத்துக்கொண்டு, கம்பிக்கும் ஒயருக்குமாகப் பறந்துகொண்டிருந்தது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தள்ளி நின்னே எடுக்கலாம்னு சொல்லித்தானேடா அவ்வளவு பணம் கொடுத்து அதை வாங்கினே? அப்புறம் ஏன் கிட்ட போனே?”

ஆடிட்டர் ஆபீஸில் எத்தனையோ கணக்குக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

அன்று இரவு தேடித் தேடிப் படித்தேன். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதில் ‘வேட்டை’ என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. சுடுவது, பிடிப்பது, பொறி வைப்பது எல்லாம் அதில் வரும், நமக்குத் தெரியும். பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ கலைப்பது, தொந்தரவு செய்வது... அதுவும் அதே வார்த்தைக்குள்தான் வருகிறது. இந்தியாவில் நடக்கிற வன விலங்குப் புகைப்படப் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை. எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ஏன் என்று இப்போது புரிந்தது. அந்த ஒரு படத்துக்காக எத்தனை கத்தரிக்கோல் வேலை செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வேடந்தாங்கல் கதை நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சலும் போகும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காப்பதற்கு எழுத்தில் ஓர் உரிமை வாங்கினார்கள். அந்தச் சிப்பாய்களும் ‘ஷூட்’ பண்ணத்தான் வந்தார்கள். நாங்களும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொள்கிறோம், ‘சண்டே ஷூட் போறேன் மச்சி’ என்று.

அந்தப் படத்தை குரூப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ‘என்ன ஆச்சு தலைவரே?’ என்று கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னேன். யாரும் கட்டைவிரல் போடவில்லை.

* * *

அடுத்த மூன்று மாதம் கேமரா பீரோவில் இருந்தது. தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது. என்ன செய்தேன் என்கிறீர்களா? அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். காலையில் அரை மணி நேரம், அவ்வளவுதான். ஒரு பாக்கெட் டைரியில் குறித்துக்கொண்டேன். எத்தனை மணிக்கு வருகிறது, எந்தக் கம்பியில் உட்காருகிறது, எந்தச் சத்தம் போட்டால் பயம், எந்தச் சத்தம் போட்டால் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறது... கணக்குப் பிள்ளைக்கு இது பழகிய வேலைதானே!

அம்மா, காக்காய்ச் சாதத்தை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டாள். முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறினாள். நான் வைக்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துத்தான் என் கையில் தட்டைக் கொடுத்தாள்.

மல்லிகைக் கொடி மறுபடி தழைத்தது. தேன்சிட்டு எங்கள் பால்கனிக்குத் திரும்பவில்லை. ஆனால், ஆனி மாதம் எதிர் ஃபிளாட்டில், கறிவேப்பிலைச் செடிக்கும் கேபிள் ஒயருக்கும் நடுவில் ஒரு ‘குப்பை’ தொங்கியது. அதே ஜோடிதானா, தெரியாது. அம்மா மட்டும், “அவளேதான். மூக்கைப் பாரு” என்று சாதித்தாள்.

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து முப்பதடி. லென்ஸை வெளியே எடுத்தேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். கூட்டைப் படம் எடுக்கவில்லை. குஞ்சுகள் வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். டைரிக் கணக்குப்படி இன்னும் இரண்டு நாள் என்று நினைத்தேன், நாலு நாளாயிற்று. ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு இரண்டும் வெளியே வந்து, ஒயரில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. தாய் வந்தது. தயங்கவில்லை. நான் இருப்பது அதற்குத் தெரியாது. பத்து வரை எண்ணுகிற நேரம்தான், ஊட்டிவிட்டுப் போய்விட்டது. மூன்று படம் எடுத்தேன். சமையலறையில் தோசைக் கல் சூடாகிக்கொண்டிருந்தது. மனைவி அன்று மட்டும் அடுப்பைக் குறைத்து வைத்தாள்.

அப்போதுதான் பட்டிமன்றத்துக்கு எனக்குத் தீர்ப்பு கிடைத்தது. கருவி முக்கியமில்லை என்று இன்றும் சொல்ல மாட்டேன். அந்த லென்ஸ் இல்லாவிட்டால் முப்பதடி தள்ளி நின்றிருக்க முடியாது. செல்போனை வைத்துக்கொண்டு மூன்றடியில் போய் நின்றிருப்பேன். பெரிய லென்ஸ் வாங்குவது கிட்டப் போவதற்கு அல்ல, தள்ளி நிற்பதற்கு. எங்கே, எப்போது, எவ்வளவு தள்ளி என்பதுதான் திறமை. அது எந்தக் கடையிலும் தவணைக்குக் கிடைக்காது. என் லென்ஸுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். அந்தப் பாக்கெட் டைரிக்கு எழுத வேண்டியதில்லை.

மூன்றில் ஒரு படத்தை டீக்கடை சபைக்குக் கொண்டுபோனேன். கொஞ்சம் மங்கல். குறுக்கே கேபிள் ஒயர். வலது பக்கக் குஞ்சின் பாதி உடம்பு கறிவேப்பிலைக்குப் பின்னால்.

டீக்குக் காசு கொடுக்காதவன் செல்போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“என்ன தலைவரே... இலை மறைக்குதே?”

“மறைக்கட்டும்பா. அதுக்குத்தானே இலை இருக்கு.”

இன்னும் பதினைந்து தவணை பாக்கி.